படுக்கையில ஒரு ஆள் இருக்கற வீட்டுல வாஷிங் மெஷின் நின்னா: ரிப்பேரா புதுசா, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தியப் பெருங்கடல்ல பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவோட கிழக்குல சேன் ஆந்த்ரே பக்கம் குடியிருக்கற ஒரு பாண்டிச்சேரி குடும்பம். 2025 பிப்ரவரி கடைசில ஆரம்பிச்சு மே மாசத்துல முடிஞ்ச விஷயம். பேர், தெரு எதுவும் போடல, அவங்ககிட்ட கேட்டு சரின்னு சொன்ன பிறகுதான் எழுதறேன். அந்த வீட்டுப் பெரியவர் எனக்கு சித்தப்பா முறை, அதனால பாதி நான் பக்கத்துல நின்னு பாத்தது, மீதி அவங்க சொல்லக் கேட்டு எழுதிக்கிட்டது.

பெரியவர் பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கறவர், எந்த சாமானையும் லேசுல தூக்கிப் போட மாட்டார். அவர் சம்சாரம் பக்கவாதம் வந்து படுக்கையில இருக்காங்க. மகன், மருமக ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் போற பசங்க ரெண்டு பேர். மெஷின் முன்பக்கம் கதவு வச்ச 8 கிலோ மாடல், பிழியறப்ப 1400 சுத்து, 2017 கடைசில வாங்கினது. எந்தக் கம்பெனின்னு சொல்றதுல பிரயோஜனம் இல்ல, இந்தக் கதையில வர்ற பிரச்சனை நிறைய கம்பெனி மெஷின்ல ஒரே மாதிரிதான்.

இந்த வீட்டைப் பொறுத்தவரைக்கும் ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, படுக்கையில இருக்கறவங்க பெட்ஷீட், டவல் எல்லாம் தினம் 60 டிகிரில ஒரு தடவை போட்டாகணும், ஒரு நாள் தவறினாலும் அடுத்த நாள் தாங்காது. இன்னொண்ணு, கிழக்குப் பக்கம் மழை ஜாஸ்தி, காத்துல ஈரம் எப்பவும் இருக்கும், அதனால மெஷின் நல்லா பிழிஞ்சு குடுத்தாத்தான் துணி காயும், மேற்குல சேன் போல் பக்கம் மாதிரி கொடியில போட்டுட்டு மறந்துட முடியாது.

புயலும் அதுக்கு அப்புறமும்

2025 பிப்ரவரி 28 காலைல கரான்ஸ் புயல் தீவோட வடக்கு கிழக்குப் பக்கமா வந்து அடிச்சுது. 2024 ஜனவரில வந்த பெலால் புயலை விட இந்தப் பக்கத்துக்கு இதுதான் பெரிய அடி. கரண்ட் போச்சு, குழாய்ல தண்ணி போச்சு. பெரியவர் புயல் வர்றதுக்கு முன்னாடியே மெஷின், பிரிட்ஜ் எல்லாத்தோட பிளக்கையும் பிடுங்கி வச்சுட்டார், இது பின்னாடி ரொம்ப உதவுச்சு.

கரண்ட் வந்து, தண்ணியும் வந்து, மருமக முதல் லோடு போட்டாங்க. கதவு பூட்டுச்சு, லைட் எரிஞ்சுது, உள்ள ம்ம்ம்னு ஒரு சத்தம், ஆனா தண்ணி ஏறவே இல்ல, கொஞ்ச நேரம் கழிச்சு எரர் காட்டி நின்னு போச்சு. திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தாலும் அதேதான்.

வீட்டுல உடனே வந்த முடிவு, கரண்ட் திரும்பி வர்றப்ப வோல்டேஜ் ஏறி இறங்கி மெஷினோட எலக்ட்ரானிக் போர்டு போயிடுச்சு, ஏழு வருஷம் ஆச்சு, போர்டு மாத்தறதுக்கு புதுசே வாங்கலாம். மகன் போன்லயே கடை விலை பாக்க ஆரம்பிச்சுட்டார். சுத்துப்பட்டுல பல வீட்டுல அப்ப இதே பேச்சுதான், புயல் வந்துச்சு மெஷின் போச்சுன்னு.

முதல்ல என்ன பாத்தோம்

போர்டு போயிருந்தா பெரும்பாலும் லைட்டே எரியாது, இல்லன்னா கன்னாபின்னான்னு எரியும். இங்க கதவு பூட்டு வேலை செய்யுது, ம்ம்ம் சத்தம் வருதுன்னா தண்ணி விடற வால்வோட காயிலுக்கு கரண்ட் போகுதுன்னு அர்த்தம். அப்ப வால்வு திறக்கத்தான் பாக்குது, தண்ணிதான் வரலை. குழாயைத் திறந்து ஒரு பக்கெட்ல பிடிச்சுப் பாத்தா தண்ணி வேகமாத்தான் வருது, ஆனா நிறம் டீ மாதிரி.

பைப்பை மெஷின் பின்னாடி இருந்து கழட்டினா வால்வு வாய்ல ஒரு சின்ன வலை இருக்கும், விரல் நகம் அளவு பிளாஸ்டிக் சல்லடை. அது முழுக்க மண்ணும் செம்மண் சேறும் அடைச்சு கெட்டியாகி இருந்துச்சு. இந்தத் தீவுல குடிதண்ணில பெரும் பங்கு ஆறு, ஓடைத் தண்ணியில இருந்து எடுக்கறது, பெரிய மழை பெஞ்சா மலை மண்ணு அதோட வரும், புயலுக்குப் பிறகு கேக்கவே வேண்டாம். குறடு வச்சு வலையை நேரா இழுத்து எடுத்து, பல் தேய்க்கற பிரஷ்ல கழுவி, பைப்புக்குள்ள இருந்த மண்ணையும் பக்கெட்ல தட்டிக் கொட்டிட்டு மாட்டினா மெஷின் தண்ணி எடுக்க ஆரம்பிச்சுடுச்சு. செலவு ஒண்ணுமில்ல.

இதோட கதை முடிஞ்சிருந்தா எழுத வேண்டியதே இல்ல. தண்ணி ஏறி, துவைச்சு, பிழியற கட்டம் வந்தப்ப வந்த சத்தம் ஏரோப்ளேன் கிளம்பற மாதிரி. நான் திடுக்கிட்டுப் பாத்தா வீட்டுல ஒருத்தரும் அசையல. கேட்டா, அது ஒரு வருஷமா அப்படித்தான், அதுக்கென்னன்னாங்க. சத்தம் கொஞ்சம் கொஞ்சமா ஏறினதால யாருக்கும் அது சத்தமாவே தெரியல.

அப்ப ரெண்டு கோளாறு இருக்கு. ஒண்ணு புயலால வந்தது, அது சரியாயிடுச்சு. இன்னொண்ணு புயலுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது, அதைப் பத்தி இதுவரைக்கும் யாரும் பேசல.

மெஷினை ஆப் பண்ணி கதவைத் திறந்து, டிரம்மோட மேல் விளிம்பைக் கையால பிடிச்சு தூக்கி இறக்கிப் பாத்தோம். டிரம்முக்கு வெளில தண்ணி நிக்கற பிளாஸ்டிக் தொட்டி, அதாவது டப்பும் சேந்து ஆடினா அது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆட்டம், அது இயல்பு. இங்க டப் நிக்குது, உள்ள இருக்கற டிரம் மட்டும் தனியா லொடக் லொடக்குன்னு ஆடுது. கையால சுத்தினா கரகரன்னு ஒரு உறுமல். பின்பக்க தகட்டைக் கழட்டினா பெரிய சக்கரத்துக்குப் பின்னாடி டப்புல பழுப்பு நிறத்துல துருத் தண்ணி வழிஞ்ச கோடு. டிரம் சுத்தறதைத் தாங்கற பேரிங் போயிடுச்சு, அதுக்கு முன்னாடி தண்ணியைத் தடுக்கற சீல் போயிருக்கு, சீல் தேஞ்சு தண்ணி பேரிங்குக்குள்ள போய், கிரீஸ் கரைஞ்சு, துரு பிடிச்சு, அப்புறம் ஆட்டம். பெரும்பாலும் இந்த வரிசைலதான் நடக்கும்.

மெக்கானிக் வந்தப்ப

மகனுக்கு நான் சொன்னதுல முழு நம்பிக்கை இல்ல, அது நியாயம்தான், நான் மெக்கானிக் இல்ல. ஒரு ரிப்பேர்காரரை வரவச்சாங்க. ரிப்பேர்காரங்களுக்குக் குடுக்கற குவாலிரெப்பார்ங்கற தர லேபல் இருக்கற ஆளாத் தேடிப் பிடிச்சாங்க, காரணம் பிரான்ஸ்ல 2022 டிசம்பர்ல இருந்து ரிப்பேர் போனஸ்னு ஒண்ணு இருக்கு, வாரண்டி முடிஞ்ச சாமானை லேபல் வாங்கின ஆள்கிட்ட ரிப்பேர் பண்ணா பில்லுலயே ஒரு தொகையைக் கழிச்சுக்குவாங்க, வாஷிங் மெஷினுக்கு 2024 ஜனவரில அது 25 ஈரோல இருந்து 50 ஈரோ ஆச்சு. நம்ம ஆளுங்க பல பேருக்கு இது தெரியவே தெரியாது.

அவர் வந்து டிரம்மை ஆட்டிப் பாத்தார், மோட்டாரைப் பாத்தார், போர்டுல கை வைக்கவே இல்ல, நல்லா இருக்குன்னுட்டார். மோட்டாருக்குள்ள தேயற கார்பன் பிரஷ் இன்னும் ஓடும், தண்ணி வெளியேத்தற பம்ப் சுத்தமா இருக்கு, ஹீட்டர்லயும் படிவு அவ்வளவா இல்ல, எரிமலைத் தீவுத் தண்ணில சுண்ணாம்பு கம்மி. அப்புறம் டப்பைச் சுத்தி விரலை ஓட்டிக் காட்டினார். ரெண்டு பாதியையும் ஸ்க்ரூ போட்டுச் சேக்காம பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டின டப். பேரிங் ரெண்டும், சீலும் சில்லறை விலைதான், ஆனா அதை எடுக்க டப்பைத் திறக்கணும், இந்த டப் திறக்காது.

அவர் சொன்ன வழி மூணு. டப், டிரம், பேரிங் எல்லாம் சேந்த முழு செட்டை பிரான்ஸ்ல இருந்து வரவச்சு மாத்தறது, கூலியோட சேத்து அதே அளவு புது மெஷின் விலையில மூணுல ரெண்டு பங்கு ஆகும், சாமான் வர எத்தனை வாரம்னு சொல்ல முடியாது, புயலுக்கு அப்புறம் எல்லாமே தாமதம். ரெண்டாவது, ஒட்டின டப்பை ரம்பத்தால அறுத்து, பேரிங் மாத்தி, சிலிகான் தடவி போல்ட் போட்டு திரும்பச் சேக்கறது, சில பேர் செய்யறாங்க, நானும் செஞ்சிருக்கேன், ஆனா வாரண்டி தர மாட்டேன்னார். மூணாவது, ஓடற வரைக்கும் ஓட்டிட்டு நிறுத்தறது.

எல்லாத்தையும் பேப்பர்ல எழுதிக் குடுத்தார். மகன் மெதுவா ஒரு விஷயம் கேட்டார், இதைப் புயல் சேதம்னு எழுதிக் குடுத்தா இன்சூரன்ஸ்ல கேக்கலாமேன்னு. மெக்கானிக் ஒத்துக்கல. துருக் கோடு ஒரு வாரத்துல வர்றது இல்ல, யார் வந்து பாத்தாலும் தெரியும்னார். மகனும் மேல பேசல.

வீட்டுல நடந்த பேச்சு

அன்னிக்கு ராத்திரி பேச்சுல மூணு பேருக்கும் மூணு கணக்கு.

பெரியவர் அறுத்து ஒட்டற கட்சி. மோட்டார் நல்லா இருக்கு, போர்டு நல்லா இருக்கு, பம்ப் நல்லா இருக்கு, ரெண்டு பேரிங்குக்காக முழு மெஷினையும் குப்பைக்கு அனுப்பறது அநியாயம்ங்கறது அவர் வாதம். அதுல ஒரு வார்த்தை கூட தப்பில்லன்னு எனக்கும் தோணுச்சு. மகன் உடனே புதுசு வாங்கிடற கட்சி, தவணைல குடுக்கறாங்க, கரண்ட் செலவும் குறையும்னார். ரிப்பேர் செலவு புது விலையில பாதியைத் தாண்டினா புதுசுதான்னு ஒரு கணக்கு எல்லாரும் சொல்றது, அதையும் சொன்னார்.

கரண்ட் விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. வாஷிங் மெஷின் இழுக்கற கரண்ட்ல பெரும்பகுதி தண்ணியைச் சூடு பண்ணத்தான், 60 டிகிரி தண்ணி புது மெஷின்லயும் 60 டிகிரிதான். தண்ணி கொஞ்சம் கம்மியா எடுக்கும், அந்த அளவுக்கு மிச்சம். மெஷின் விலையை கரண்ட் பில்லுல திருப்பி எடுக்கற கணக்கு இந்த வீட்டுக்கு ஒத்து வராது.

மருமக கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்துட்டு, பெரியவரைப் பாத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "மாமா, அறுத்து ஒட்டற வேலை எத்தனை நாள்? அது ஒழுகினா அன்னிக்கு அத்தையோட பெட்ஷீட்டை நான் எங்க போய் துவைக்கறது?"

அதுக்குப் பெரியவர்கிட்ட பதில் இல்ல, மகன்கிட்டயும் இல்ல, ஏன்னா கடைக்குப் போய்ப் பாத்தப்ப நிலைமை வேற. புயலுக்கு அப்புறம் ஆளாளுக்கு மெஷின், பிரிட்ஜ்னு வாங்கினதுல கடையில மிச்சம் இருந்தது ரொம்ப விலையுள்ளதும், ரொம்ப மட்டமானதும்தான். நடுத்தரமா ஏதாவது வேணும்னா அடுத்த சரக்கு லெ போர் துறைமுகத்துல இறங்கணும்னாங்க. இங்க எல்லாமே கப்பல்லதான் வருது, வந்ததுக்கு மேல ஒக்ட்ருவா த மேர்னு இறக்குமதி வரி வேற, அவசரத்துல வாங்கினா அந்த அவசரத்துக்கும் சேத்து காசு குடுக்கணும்.

எடுத்த முடிவு, அதோட காரணம்

புதுசு வாங்கறது, ஆனா இன்னிக்கு இல்ல. பழசை அதுவரைக்கும் ஓட்டறது.

முழு செட் மாத்தறதை விட்டதுக்கு விலை மட்டும் காரணம் இல்ல. அந்த விலை குடுத்தாலும் ஏழு வருஷம் ஓடின மோட்டாரும் போர்டும் பழசுதான், சாமான் வர்ற வரைக்கும் எப்படியும் இதே மெஷினைத்தான் ஓட்டணும். அறுத்து ஒட்டறதை விட்டதுக்குக் காரணம் மருமக கேட்ட கேள்வி. இந்த வீட்டுல மெஷின் இல்லாத ஒவ்வொரு நாளும் ஒரு செலவு, அது பில்லுல வராது, மருமக தலையில வரும். பாதி விலைக் கணக்கு சொன்ன பதிலும் புதுசுதான், ஆனா அந்தக் கணக்குல இந்த நாள் செலவுக்கு இடமே கிடையாது.

இன்னொண்ணும் கவனிச்சோம். ஒட்டின டப்ல பேரிங் சத்தம் ஆரம்பிச்ச அன்னிக்கே கூப்பிட்டிருந்தாலும் ரிப்பேர் செலவு இதேதான், ஏன்னா அன்னிக்கும் டப் திறக்காது. முன்கூட்டியே கண்டுபிடிச்சா மிச்சமாகறது காசு இல்ல, அவகாசம். புயலுக்கு முன்னாடி, கடையில எல்லா மாடலும் இருந்த நேரத்துல, நிதானமா பாத்து வாங்கியிருக்கலாம்.

பழசை ஓட்டறதுக்கு மெக்கானிக் சில வரம்பு சொன்னார். பாதி லோடுதான் போடணும். பிழியறதை 600 சுத்துக்கு மேல வைக்கக் கூடாது. ஓடறப்ப யாராவது வீட்டுல இருக்கணும். கீழ தண்ணி கசிஞ்சாலோ, கதவு ரப்பர்ல டிரம் உரசி கிழிசல் தெரிஞ்சாலோ, கரிஞ்ச வாசனை வந்தாலோ அன்னியோட நிறுத்திடணும், பேரிங் முழுசா உடைஞ்சா டிரம் டப்பை உரசி ஓட்டை போட்டுடும், தரையெல்லாம் தண்ணி, பக்கத்துலயே கரண்ட். 600 சுத்துல பிழிஞ்ச துணி அந்த ஈரக் காத்துல காயறதுக்கு பட்ட பாடு தனிக்கதை, பெட்ஷீட்டை வராண்டாவுல பேன் போட்டுக் காயவச்சாங்க.

சோப்பு விஷயத்துலயும் ஒரு மாத்தம். இங்க தண்ணி மென்மையான தண்ணி, சோப்பு டப்பா பின்னாடி தண்ணிக் கடினத்துக்கு ஏத்த அளவு அட்டவணை போட்டிருப்பாங்க, அதுல மிகக் குறைஞ்ச அளவே போதும். இந்த வீட்டுல பெட்ஷீட் அழுக்குன்னு மேல் அளவுக்கும் மேல கொட்டிட்டு இருந்தாங்க. கரையாத சோப்பு டிரம்முக்குப் பின்னாடி கூழாப் படியும், டிரம்மைத் தாங்கற மூணு கை அலுமினிய சிலுவையை அரிக்கும், சீல் ஓரத்துலயும் உக்காரும். ஏழு வருஷத்துல பேரிங் போனதுக்கு இதுவும் ஒரு பங்குன்னு மெக்கானிக் சொன்னார், நானும் அப்படித்தான் நினைக்கறேன்.

கடையில கேட்ட கேள்விகள்

ஏப்ரல்ல, தமிழ் வருஷப் பிறப்பு முடிஞ்சதும் புதுச் சரக்கு வந்துடுச்சுன்னு தகவல் வந்து போனோம். நேரமும் நல்ல நேரம். பிரான்ஸ்ல 2021 ஜனவரில இருந்து வாஷிங் மெஷின் மேல ரிப்பேர் பண்ண எவ்வளவு சுலபம்னு 10க்கு ஒரு மார்க் ஒட்டணும்னு சட்டம், 2025 ஏப்ரல் 8ல இருந்து அதை மாத்தி எவ்வளவு காலம் உழைக்கும்ங்கறதையும் சேத்து புது மார்க். நாங்க போனப்ப சில மெஷின்ல புது அட்டை, சிலதுல இன்னும் பழைய அட்டை, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது, ரெண்டும் வேற வேற பரீட்சை. மகன் முதல்ல இதைக் கவனிக்காம 8.2 பெருசா 7.6 பெருசான்னு பாத்துட்டு இருந்தார்.

மார்க் நல்ல விஷயம்தான், ஆனா நமக்கு வேண்டிய ஒரே பதில் அதுல நேரடியா இல்ல: டப் திறக்குமா திறக்காதா? விக்கற பையனுக்குத் தெரியல. அதனால மகன் கடைக்குள்ளயே நின்னு ஒவ்வொரு மாடல் நம்பரையும் போன்ல போட்டு உதிரிபாக லிஸ்ட் பாத்தார். பேரிங்கும் சீலும் தனித்தனியா விலை போட்டிருந்தா டப் திறக்கும்னு பெரும்பாலும் நம்பலாம். முழு டப் மட்டுமே விலைல இருந்தா இப்ப இருக்கறதே திரும்ப வரும்.

இங்க சட்டம் ஒரு அளவுக்குத்தான் காப்பாத்தும். ஐரோப்பிய விதிப்படி 2021 மார்ச்ல இருந்து விக்கற வாஷிங் மெஷின்களுக்கு முக்கியமான உதிரிபாகம் எல்லாம் அந்த மாடல் கடைசியா சந்தைக்கு வந்த நாள்ல இருந்து குறைஞ்சது 10 வருஷம் கிடைக்கணும். லிஸ்ட்ல டிரம், சிலுவை, பேரிங் எல்லாம் இருக்கு. ஆனா அதே வரில தனித்தனியாவோ இல்ல ஒண்ணா சேத்தோன்னு இருக்கு. அதாவது பேரிங் வேணும்னா முழு செட்டையும் வாங்குன்னு சொன்னாலும் விதியை மீறினதா ஆகாது. பெரியவர் இதைக் கேட்டு ராணுவத்துல கத்துக்கிட்ட ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

மோட்டாருக்கு 10 வருஷ கேரண்டின்னு பெரிய ஸ்டிக்கர் ஒட்டின மெஷின் நிறைய. பெரும்பாலும் அது மோட்டார்ங்கற ஒரு பாகத்துக்கு மட்டும், கூலி அதுல சேராது, பேரிங் சேராது. எல்லாத்துக்கும் சேத்து சட்டப்படி இருக்கறது 2 வருஷம். கடையில காசு குடுத்து இன்னும் மூணு வருஷம் நீட்டிக்கறீங்களான்னு கேட்டாங்க, மருமக அதுல ஒரே ஒரு வரி தேடினாங்க, ரிப்பேருக்குக் கொண்டு போற நாள்ல மாத்து மெஷின் தருவீங்களா? தர மாட்டோம்னாங்க. வேண்டாம்னுட்டாங்க. எனக்கு அது சரியான முடிவுன்னுதான் படுது.

கடைசில எடுத்தது 8 கிலோ, உதிரிபாக லிஸ்ட்ல பேரிங் தனியா இருக்கற மாடல், இருக்கறதுலயே அழகானது இல்ல. 10 கிலோ எடுக்கலாம்னு ஒரு பேச்சு வந்துச்சு, தினம் சின்ன லோடு போடற வீட்டுக்கு பெரிய டிரம் எதுக்குன்னு விட்டாச்சு.

அதுக்கு அப்புறம் நடந்தது

பழைய மெஷின் டெலிவரி வரைக்கும் தாங்கல. டெலிவரிக்கு கொஞ்ச நாள் இருக்கறப்ப ஒரு சாயங்காலம் கீழ பழுப்பாத் தண்ணி கசிஞ்சுது, மெக்கானிக் சொன்னபடியே மருமக அங்கயே நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிட்டாங்க. அதுக்குள்ள ஏற்பாடு இருந்துச்சு, கூடுதலா பெட்ஷீட் வாங்கி வச்சிருந்தாங்க, சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல இருக்கற காசு போட்டுத் துவைக்கற மெஷின்ல மகன் வேலை முடிஞ்சு வர்ற வழில போட்டு எடுத்துட்டு வந்தார். அந்த நாட்கள் கஷ்டம்தான், ஆனா எப்ப முடியும்னு தெரிஞ்ச கஷ்டம்.

டெலிவரி ஆட்கள் மெஷினை இறக்கி, பைப் மாட்டி, பழசைத் தூக்கிட்டு கிளம்பப் பாத்தாங்க. புதுசு வாங்கினா அதே மாதிரி பழசை விக்கறவரே காசு வாங்காம எடுத்துக்கணும், அது சட்டம், அதுல பிரச்சனை இல்ல. பெரியவர்தான் புத்தகத்தைப் பாத்துட்டு பின்னாடி நாலு போல்ட் இன்னும் இருக்கேன்னு நிறுத்தினார். கப்பல் பயணத்துல டிரம் ஆடாம இருக்கப் போடற போல்ட், கழட்டாம ஓட்டினா மெஷின் அறை முழுக்க குதிக்கும், ஷாக் அப்சார்பர்ல ஆரம்பிச்சு எல்லாம் கெடும். அந்த போல்ட்டை வீடு மாறறப்ப வேணும்னு ஒரு கவர்ல போட்டு பில்லோட சேத்து வச்சிருக்கார்.

குழாய்க்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு வடிகட்டி மாட்டியாச்சு, கண்ணாடிக் கிண்ணம் வச்சது, மண்ணு சேந்தா வெளில இருந்தே தெரியும். ஏப்ரல் கடைசில பெஞ்ச ஒரு மழைக்கே அடில ஒரு விரல்கடை மண்ணு. அது இல்லன்னா அதே எரர் புது மெஷின்லயும் வந்திருக்கும், திரும்ப போர்டு போச்சுன்னு பேச்சு கிளம்பியிருக்கும்.

ரிப்பேர் போனஸ் இந்தத் தடவை உபயோகப்படல, ரிப்பேரே பண்ணலையே. மெக்கானிக் வந்து பாத்ததுக்கு மட்டும் காசு குடுத்தாங்க. மகன் முதல்ல அது வீண் செலவுன்னார், அப்புறம் அந்த ஆள் எழுதிக் குடுத்த பேப்பர்தான் கடையில என்ன கேக்கணும்னு சொல்லிக் குடுத்துச்சுன்னு அவரே சொன்னார்.

மறுபடி இப்படி வந்தா மாத்திச் செய்யறது

மெஷின் தண்ணி எடுக்கலைன்னா முதல்ல குழாய், பைப், வலை. தண்ணி வெளிய போகலைன்னா முதல்ல கீழ இருக்கற பம்ப் வடிகட்டி, சில்லறைக் காசும் ஹேர்பின்னும் அங்கதான் இருக்கும். இது ரெண்டும் பாக்காம விலை கேக்கப் போறது இல்லன்னு வீட்டுல பேசி வச்சிருக்காங்க. ஒரு கோளாறு சரியான உடனே விட்டுடாம பிழியற கட்டம் வரைக்கும் பக்கத்துல நின்னு கேக்கறது, இது நான் சேத்தது.

வாரண்டி முடியறதுக்கு முன்னாடி ஒரு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை டிரம்மை ஆட்டிப் பாக்கறது. இந்தத் தடவை டப் திறக்கற மெஷின், அதனால முன்கூட்டியே தெரிஞ்சா காசும் மிச்சம், பேரிங்கும் சீலும் மட்டும் மாத்தினா போதும், அப்ப அந்த 50 ஈரோ மாதிரி போனஸ் இருந்தா பில்லுல நல்ல பங்கு குறையும். சோப்பு அளவு குறைஞ்சது குறைஞ்சபடியே இருக்கட்டும்னு டப்பாவுக்குள்ள ஒரு சின்னக் கப் போட்டு வச்சாச்சு.

அறுத்து ஒட்டற விஷயத்துல பெரியவர் இன்னும் இறங்கி வரல. மெக்கானிக் வேற ஒரு வீட்டுல அப்படிச் செஞ்சு குடுத்த மெஷின் ரெண்டு வருஷமா ஒழுகாம ஓடுதாம், அதைக் கேட்டதுல இருந்து அவருக்குத் தெம்பு ஜாஸ்தி. தனியா இருக்கற ஆளு, வாரத்துக்கு ரெண்டு லோடு, பக்கத்துலயே அண்ணன் வீடு, அப்படி ஒரு வீடா இருந்தா நானும் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.